பன்னிரண்டு பேர் பார்த்த படம்

வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சதுக்கம் என்று ஒன்று இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் குவியல்களும், அவற்றுக்கு நடுவில் குதிரை வண்டிகள் போய்வர ஒரு தடமும்தான் இருந்தன. அது 1950, மார்ச் மாதம். எனக்கு இருபத்தைந்து வயது. கையில் ஒரு அளவு நாடா, ஒரு பென்சில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டடக்கலை மாணவர்கள் வரைந்து வைத்திருந்த சில தாள்கள். அவற்றை வைத்துக்கொண்டு மேற்கு வரிசையில் ஒரு வீட்டை மறுபடி வரைந்து கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

இடிந்த வீட்டின் நிலவறைச் சுவரோரம் ஒரு கல் மேடையை வாசப்படி என்று குறித்து அளந்துகொண்டிருந்தேன். மேலே ஒரு வண்டி வந்து நின்றது.

"அது வாசப்படி இல்லம்மா. அடுப்பு" என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். வண்டிக்காரர் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். புருவம்கூட வெள்ளையாக இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அடுப்புலதான் எங்க கீழ்வீட்டுக்காரி பன்னெண்டு மாசமும் முட்டைக்கோஸ் வேகவைப்பா. வாடை நாலு மாடி ஏறி வரும். நான் இந்த வீட்டுல குடியிருந்தவன்." பிறகு தன் குதிரையைப் பார்த்து, "ஏ பிரபு, நில்லுடா. பிரபுக்களோட காலம் எல்லாம் முடிஞ்சு போச்சு, நீ மட்டும் இன்னும் முறைச்சுக்கிட்டே திரியிற" என்றார்.

அவர் பெயர் இக்னாட்சி. இடிபாடுகளை வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. நகரத்தில் அள்ள வேண்டிய இடிபாடு எங்கெங்கோ கிடக்க, இந்தச் சதுக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தன் சொந்த வீட்டைத்தான் அவர் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த வருடம் முழுக்க அவர் எனக்கு உதவினார். மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் கதவு உள்ளே திறக்கும், எந்தச் சுவர் மழைக்கு ஊறும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா சின்ன வயதில் இதே சதுக்கத்தில் உப்பிட்ட மீன் விற்றவளாம். முதல் உலகப் போருக்கு முன்பு சந்தைக் கடைகளை இங்கிருந்து எடுத்துவிட்டார்கள். "எங்கம்மா சாகற வரைக்கும் அதைப் பேசிப் புலம்புவா. சந்தை இல்லாத சந்தைச் சதுக்கம்னு சொல்லிச் சிரிப்பா" என்றார். அதற்கும் நூறு வருடம் முன்னால் நடுவில் நகர மன்றக் கட்டடம் இருந்தது, அதையும் இடித்தார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். "அப்படியா? இங்க எல்லாரும் எதையாவது ஒண்ணை இடிச்சிட்டுத்தான் போயிருக்காங்க போல" என்றார்.

அந்தப் பேச்சு என் அலுவலகத்தில் தினமும் நடந்த சண்டையை நினைவூட்டியது. சதுக்கத்தைத் திரும்பக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. எந்த வருடத்துச் சதுக்கத்தை? போருக்கு முந்தைய நாள் இருந்ததையா? அன்றைக்கு அது ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த, ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்ந்த இடம். எங்கள் தலைமை இஞ்சினியர் பிலார்ஸ்கிக்கு அந்தச் சதுக்கம் பிடிக்கவில்லை. இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும், பிறகு ஒட்டிக்கொண்டதெல்லாம் அழுக்கு என்பது அவர் வாதம். ஒட்டிக்கொண்ட எதையாவது விட்டுவைக்க வேண்டும் என்றால் ஆதாரம் காட்ட வேண்டும்.

அடுத்த வருடம் கோடையில் ஒருநாள், வீட்டின் முன்சுவர் வரைபடத்தை ஒரு பலகையில் விரித்து வைத்திருந்தேன். இக்னாட்சி ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் தின்றுகொண்டே வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வரைபடக்காரம்மா, நாலாவது மாடியில ஒரு ஜன்னலைக் காணோமே."

"அங்க ஜன்னல் இல்லையே ஐயா. மாணவர்கள் வரைஞ்சதுலயும் மொட்டைச் சுவர்தான் இருக்கு."

"அவங்க விட்டிருப்பாங்க. அது வீட்டோட பிறந்தது இல்ல. நான் வெச்சது."

அன்றைக்குத்தான் அவர் தன் மனைவி அப்பொலோனியாவைப் பற்றிச் சொன்னார். அவளுக்கு நுரையீரல் கோளாறு. அவர்கள் இருந்தது கூரைக்குக் கீழே உள்ள அறை. அதற்கு ஒரே ஜன்னல், பின்கட்டு முற்றத்தைப் பார்த்து. அங்கே வருடம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. படி இறங்கவும் அவளால் முடியாமல் போனது. முன்பக்கம் ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ள வீட்டுக்காரனிடம் கேட்டதற்கு அவன் மறுத்துவிட்டான். 1931-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரன் மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்த சமயம், இக்னாட்சியும் அவர் மைத்துனனும் உளியும் சுத்தியலும் கொண்டு முன்சுவரைக் குடைந்தார்கள். ஏதோ ஒரு ரயில்வே கொட்டகையை இடித்தபோது கிடைத்த மரச்சட்டத்தைப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் ஒரு சாண் உயர்ந்துபோய்விட்டது.

"வீட்டுக்காரன் வந்து பாத்துட்டு, இது ஜன்னலா, குடிகாரன் கண்ணடிக்கிறானான்னு கத்தினான். அப்பொலோனியா எட்டிப் பார்த்து அவனுக்குக் கையைக் காட்டினா. அதுக்கு மேல அந்த ஆளால ஒண்ணும் பேச முடியல."

பதின்மூன்று வருடம் அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். காலை வெயில் நேரே வந்து மடியில் விழும். கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே விடுவாள். தள்ளுவண்டிக்காரி அதில் பிளம் பழமோ வெள்ளரிக்காயோ போடுவாள். சதுக்கத்தில் யார் யாரோடு பேசவில்லை, யார் வீட்டுப் பெண்ணுக்கு யார் மேல் கண் என்பதெல்லாம் படியிறங்காமலே அவளுக்குத் தெரியும்.

1944-இல், ஜெர்மானியருக்கு எதிராக நகரம் ஆயுதம் எடுத்து எழுந்த அந்த ஆகஸ்ட் முதல் தேதி, இக்னாட்சி ஒரு வேலையாக ஆற்றின் அக்கரைக்குப் போயிருந்தார். ஜெர்மானியர்கள் பாலங்களை அடைத்துவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க அவர் அக்கரையில் நின்று பழைய நகரம் எரிவதைப் பார்த்தார்.

"புகையைப் பார்த்து எந்தத் தெருன்னு சொல்லிடலாம். எங்க தெரு எதுன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

மறுநாள் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். அன்றைக்கு அக்கரைக்குப் போனபோது சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது. தெருவில் படமெடுக்கும் ஒருவன் சதுக்கத்தில் நின்று எடுத்தது. வீட்டின் மேல்பாதி தெரிந்தது. கோணலான ஜன்னல். அதில் விரல் நகமளவு ஒரு முகம், கையில் கயிறு. முகம் சின்னதாக இருந்தாலும் சிரிப்பு தெரிந்தது.

"இதை வெச்சுக்குங்க. உங்க ஆளுங்க ஆதாரம் கேப்பாங்க இல்ல? இதுதான் ஆதாரம். காட்டிட்டுத் திருப்பிக் கொடுங்க. எங்கிட்ட அவளோட படம் வேற இல்ல."

"கட்டாயம் காட்டறேன் ஐயா" என்று சொன்னேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். நானும் என் அம்மாவும், பாதி எரிந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தோம். சுவரில் நீர் கசியும். ஒரு சமையலறைக்கு நான்கு குடும்பம். அம்மா ராத்திரியெல்லாம் இருமுவாள். சதுக்கத்து வீடுகள் முடிந்ததும் அதில் வேலை செய்தவர்களில் சிலருக்குக் குடியிருப்பு கிடைக்கும் என்று பேச்சு. பட்டியலைத் தயாரிப்பவர் பிலார்ஸ்கி. என் பெயர் அதில் இருப்பதாக ஒருவர் சொன்னார், இன்னும் முடிவாகவில்லை என்று இன்னொருவர் சொன்னார்.

முன்சுவர்களை இறுதி செய்யும் கூட்டம் 1952 பிப்ரவரியில் நடந்தது. தகரக் கொட்டகை, நடுவில் கணப்பு, மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். எனக்கு முன்னால் கிளெமென்ஸ் என்ற வரைவாளரின் முறை. அவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் போன நூற்றாண்டுக் கடை முகப்பு ஒன்றை விட்டுவைக்கலாம் என்றார்.

பிலார்ஸ்கி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "கிளெமென்ஸ், நாம சதுக்கம் கட்டறோமா, கறிக்கடை கட்டறோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளெமென்ஸ் தாளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

"அடுத்தது ஹொனோரத்தா" என்று பிலார்ஸ்கி என் பக்கம் திரும்பினார். "நாலாவது மாடி மொட்டைச் சுவர். நல்ல அமைதியான முகப்பு. இதுல சந்தேகம் ஏதாவது இருக்கா?"

புகைப்படம் என் கோப்புக்குள் இருந்தது. கோப்பு என் கைக்கு அடியில் இருந்தது. அதைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். கறிக்கடை என்ற வார்த்தையின் சிரிப்பு இன்னும் கொட்டகையில் மிச்சம் இருந்தது. கசியும் சுவரும், அம்மாவின் இருமலும், அந்தப் பட்டியலும் என் முன்னால் வந்து நின்றன.

"இல்ல சார்" என்றேன்.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை இக்னாட்சி எனக்காக வண்டியோடு காத்திருந்தார். அன்று முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். புருவம் கறுப்பாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"காட்டினேன் ஐயா. எல்லாரும் பார்த்தாங்க. ஆனா விதிமுறை இடம் கொடுக்கல. பிற்பாடு வெச்ச ஜன்னல் எதையும் எடுத்துக்க மாட்டாங்களாம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எல்லாருமா பார்த்தாங்க? எத்தனை பேரு?"

"பன்னெண்டு பேர்."

"பெரிய இஞ்சினியருமா?"

"அவர்தான் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டிட்டு, கிட்ட வெச்சுப் பார்த்தார்."

ஏன் அப்படி ஜோடித்தேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று மலர்வதைப் பார்த்ததும் நாக்கு தானாகவே ஓடியது.

"ஏதாவது சொன்னாரா?"

"அந்தம்மா சிரிக்கிறாங்கன்னு சொன்னார்."

"ஆமாம்மா, சிரிச்சா! படம் எடுக்கறவனோட தொப்பி காத்துல பறந்து போச்சு. அவன் துரத்திக்கிட்டு ஓடினான். அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சா." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். ஜன்னல் இல்லன்னா பரவாயில்ல. பன்னெண்டு படிச்ச மனுஷங்க அவ முகத்தைப் பார்த்திருக்காங்க. அது போதும்."

புகைப்படத்தை அவர் கையில் கொடுத்தேன். ஒருவருக்கும் நஷ்டமில்லாத பொய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1953 ஜூலை இருபத்திரண்டாம் தேதி சதுக்கம் திறக்கப்பட்டது. கொடிகள், பாட்டு, மேடையில் பெரியவர்களின் பேச்சு. புதிய சுண்ணாம்பின் வாசனை. இருநூறு வருடம் பழைய வீடுகள் ஈரம் காயாமல் நின்றன. இக்னாட்சி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்று, யாரோ முன்பின் தெரியாத தம்பதிக்கு மேலே கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்கதான் எங்க ஜன்னல் இருந்துச்சு. விதிமுறை விடல. ஆனா பன்னெண்டு இஞ்சினியருங்க என் சம்சாரத்தோட படத்தைப் பார்த்தாங்க. பெரியவரு கண்ணாடியைக் கழட்டிட்டே பார்த்தாராம்." நான் அவர் கண்ணில் படாமல் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிக்கொண்டேன்.

எனக்குக் குடியிருப்பு கிடைத்தது. பட்டியலைப் படித்துவிட்டு பிலார்ஸ்கி சிரித்தார். "நீ வரைஞ்ச வீடு, நீயே குடியிரு. நாலாவது மாடி." எனக்கு நல்லது செய்வதாக அவர் நினைத்தார்.

எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வர இக்னாட்சியே வண்டி கொண்டுவந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அம்மாவின் பெட்டியைத் தோளில் வைத்து நான்கு மாடியும் ஏறினார். பெட்டியை இறக்கிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு முன்பக்கச் சுவருக்குப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நல்லாப் பூசியிருக்காங்க" என்றார்.

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் சதுக்கத்துக்கு வருவார், கீழிருந்து மேலே பார்ப்பார், என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். ஒவ்வொரு முறையும் நான் நினைப்பேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

1956 வசந்தத்தில் பிலார்ஸ்கிக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. விடைபெற வந்தவரைக் கீழே வந்து வழியனுப்பினேன். இருவரும் சதுக்கத்தின் நடுவில் நின்றோம். அவர் மேற்கு வரிசையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு சொல்லவா ஹொனோரத்தா? உன் வீட்டுல மேல்மாடி ரொம்ப மொட்டையா இருக்கு. அங்க ஒரு ஜன்னல் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கு அப்பவே தோணிச்சு. எவனாவது ஒரு சின்ன ஆதாரம் காட்டியிருந்தா வெச்சிருப்பேன்."

"அன்னிக்குக் கூட்டத்துல கிளெமென்ஸைக் கேலி பண்ணினீங்களே சார்."

"எப்போ?" என்றார். உண்மையாகவே அவருக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிராம் ஏறி அக்கரைக்குப் போனேன். இக்னாட்சி ஒரு நிலக்கரிக் கிடங்கின் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். குதிரை செத்துப்போய்விட்டது. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க வரைபடக்காரம்மா! அம்மா நல்லா இருக்காங்களா? சூப்பு வெக்கிறேன், சாப்பிட்டுத்தான் போகணும்."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், கோப்பு, பட்டியல், பிலார்ஸ்கி இப்போது சொன்னது வரை. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு கிழங்கு உரித்தார்.

"அப்போ பெரியவரு கண்ணாடியைக் கழட்டினது?"

"நானாச் சொன்னது ஐயா."

"சிரிக்கிறாங்கன்னு சொன்னது?"

"அதுவும்."

கத்தியை மேசைமேல் வைத்தார்.

"இப்ப எதுக்கு வந்து சொல்ற?" அதுவரை அவர் என்னிடம் ஒருமையில் பேசியதே இல்லை.

"மனசு தாங்கல ஐயா. உங்களைப் பார்க்கறப்பல்லாம்…"

"உன் மனசு தாங்கலன்னு இங்க கொண்டாந்து இறக்கி வெச்சிட்ட. சரி, நீ பாரம் இல்லாம வீட்டுக்குப் போவ. நான்?" அவர் குரல் உயரவில்லை. "நாலு வருஷமா நான் ராத்திரி படுத்தா அந்தப் பன்னெண்டு பேரைத்தான் நினைப்பேன். ஒவ்வொருத்தரா படத்தைக் கைமாத்திக் கைமாத்திப் பார்க்கற மாதிரி. ஜன்னல் போனதுகூட எனக்கு உறுத்தல. இப்ப ஒருத்தருமே பார்க்கலன்னு ஆயிடுச்சு."

"நான் பார்த்தேன் ஐயா."

"நீ பார்த்த. பார்த்துட்டுத்தான் மூடி வெச்ச."

அழக்கூடக் கூச்சமாக இருந்தது. அழுதால் அதையும் அவர்தான் ஆற்ற வேண்டியிருக்கும்.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாங்க. இந்தச் சந்துல வழி குழப்பும்" என்றார். டிராம் நிற்கும் இடம் வரை எனக்கு நாலடி முன்னால் நடந்தார். டிராம் வந்தபோது, "படி உயரம். பார்த்து ஏறுங்க" என்றார். மறுபடி மரியாதைக்கு மாறியிருந்தார். அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு அவர் சதுக்கத்துக்கு வரவில்லை. மூன்று முறை கடிதம் போட்டேன். பதில் இல்லை. முன்சுவரில் ஒரு ஜன்னல் திறக்க அனுமதி கேட்டு மனு எழுதினேன். அவருடைய படம் இல்லாமல் நினைவிலிருந்தே வரைந்து இணைத்தேன். சதுக்கம் இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், அதன் பழைய முகப்பில் கைவைக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பழைய முகப்புக்கு வயது நான்கு. கடிதத்தை எழுதியவர் என்னுடைய வரைபடத்தையே ஆதாரமாகக் குறிப்பிட்டிருந்தார்.

1958-இல் ஊரின் தெற்கே ஒரு புதுக் கட்டடத்தில் இருந்த இளம் தம்பதியோடு குடியிருப்பை மாற்றிக்கொண்டேன். அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. சதுக்கத்து வீட்டை விட்டு யாராவது இந்தப் பெட்டி வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டார்கள். அந்தப் பெண் அறையை இரண்டு முறை சுற்றி வந்தாள். முன்பக்கச் சுவரைக் காட்டி, "இங்க எங்க பீரோ கச்சிதமா நிக்கும்" என்று கணவனிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எதுக்குங்க இவ்வளவு நல்ல இடத்தை விடறீங்க?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொன்னேன்.